பேரத்தில் குறைவது யாருடைய பங்கு?

இன்சூரன்ஸ் முடியும் தேதி நெருங்கினால், ஒற்றை லாரி வைத்து ஓட்டுகிறவர் நாலு ஏஜெண்டுகளுக்குப் போன் போட்டு ‘எவ்வளவு வரும்?’ என்று கேட்கிறார். யார் குறைத்துச் சொல்கிறாரோ அவரிடமே பாலிசி போடுகிறார். தாழையூத்தில் சிமெண்ட் ஏற்றுபவர், அம்பாசமுத்திரத்தில் நெல் ஏற்றுபவர், ஏரல் பக்கத்து வாழைத்தார்களைச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர், புளியரை வழியாகக் கேரளத்துக்கு எம்.சாண்ட் அடிப்பவர் என எல்லோருக்கும் இதுதான் வழக்கம். டீசல், டயர், டோல், மாதத் தவணை என்று நாலு பக்கமும் பணம் இழுக்கும்போது ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் ஆறுதல்தான். ஆனால் அந்த ஆயிரம் எங்கிருந்து குறைகிறது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அது லாரிக்காரரின் சொந்தப் பாதுகாப்பிலிருந்தே குறைகிறது. ஐம்பது லாரி வைத்திருக்கும் டிரான்ஸ்போர்ட்காரர் ஒரு வண்டியின் நஷ்டத்தை மற்ற வண்டிகளின் வாடகையில் தாங்கிக்கொள்வார். ஒற்றை லாரிக்காரருக்கு அந்த வழி கிடையாது. ஆகவே பாலிசியில் கைவைக்கக் கூடாத ஒருவர் உண்டென்றால் அது அவர்தான்.

பிரீமியத்தில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, அடுத்தவருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், பொருள் சேதத்துக்கான ‘தேர்ட் பார்ட்டி’. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இதன் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த பட்டியல்படி, 7.5 டன் வரை மொத்த எடையுள்ள சரக்கு வண்டிக்கு 16,049 ரூபாய். 12 முதல் 20 டன் வரை 35,313. 20 முதல் 40 டன் வரை 43,950. பத்துச் சக்கர லாரியானாலும் பன்னிரண்டு சக்கர டாரஸானாலும் அதே 43,950தான். பொதுத்துறையோ தனியாரோ, இதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியாது. இன்னொரு பங்கு சொந்தச் சேதம். இதற்கான விலைக் கட்டுப்பாடு 2007 ஜனவரியிலேயே போய்விட்டது. அப்படியென்றால் ஏஜெண்ட் ‘உங்களுக்காகக் குறைத்தேன்’ என்று சொல்வது முழுக்க இந்த இரண்டாம் பங்கில்தான். கம்பெனி தள்ளுபடி தந்து குறைந்தால் நல்லதுதான். வண்டியின் மதிப்பைக் குறைத்துப் போட்டோ ஒரு ஷரத்தை எடுத்துவிட்டோ குறைந்தால், அது தள்ளுபடியே கிடையாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பழைய கட்டணப் பட்டியலின்படி நம் ஊர்ப் பக்கத்துப் புதிய சரக்கு வண்டிக்குச் சொந்தச் சேத அடிப்படை விகிதம் 1.726 சதவீதம். 15 லட்சம் பெறும் வண்டிக்கு 10 லட்சம் என்று ஐ.டி.வி. (பாலிசியில் காட்டும் வண்டி மதிப்பு) போட்டால், விடுபடும் 5 லட்சத்துக்கான பிரீமியம் 8,630 ரூபாய். பாதி தள்ளுபடி உண்டென்றால் 4,315. வரியோடு ஏறத்தாழ ஐயாயிரம். அந்த ஐயாயிரத்தை மிச்சம் பிடித்தவர், வண்டி எரிந்தாலோ திருடு போனாலோ 5 லட்சத்தை இழக்கிறார். ஃபைனான்ஸ் பாக்கி அதற்கு மேல் நின்றால், இல்லாத வண்டிக்குத் தவணை கட்ட வேண்டிவரும். இதைவிடச் சத்தமில்லாமல் நடப்பது ஐ.எம்.டி. 23 என்ற ஷரத்தை எடுத்துவிடுவது. சரக்கு வண்டி பாலிசியில் விளக்குகள், டயர், டியூப், மட்கார்டு, பானெட்டின் பக்கப் பகுதிகள், பம்பர், பெயிண்ட் ஆகியவற்றுக்கு, வண்டி முழுச் சேதமானால் ஒழிய, பணம் கிடையாது. அவையும் வேண்டுமென்றால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 15 சதவீதம் கூடக் கட்டி இந்த ஷரத்தைச் சேர்க்க வேண்டும். தூத்துக்குடி நாற்கர சாலையில் நள்ளிரவில் ஒரு மாடு குறுக்கே வந்தால் முதலில் உடைவது எது? பம்பரும் ஹெட்லைட்டும்தானே. அதைத்தான் எடுத்துவிட்டிருப்பார்கள். கிளீனருக்கான பொறுப்பைச் சேர்க்க ஆளுக்கு நூறு ரூபாய்கூட ஆகாது. அதையும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருநெல்வேலி சந்திப்பு, ஸ்ரீவைகுண்டம், ஏரல் எல்லாம் தண்ணீரில் கிடந்தன. தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருந்த வண்டிக்கு அந்த வெள்ளத்துக்காக ஒரு பைசா கேட்க வழியில்லை. சொந்தச் சேதம் எடுத்திருந்தாலும் இன்னொரு கண்ணி உண்டு. தண்ணீரில் நின்ற வண்டியை அவசரத்தில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறிக் கெட்டுப்போனால், அது வெள்ளத்தின் நேரடிச் சேதமில்லை என்று கம்பெனி கைவிரிக்கும். எஞ்சின் பாதுகாப்பு ஷரத்து தனியாக இருந்தால்தான் பிழைக்கலாம். ஆற்றங்கரை ஊர்களில் வண்டி நிறுத்துகிறவர்கள் அந்த ஷரத்து உண்டா என்று கேட்காமல் பாலிசி போடக் கூடாது.

சொந்தச் சேதத்தைவிடப் பெரிய பயம் இன்னொன்று. மாதம் 15,000 ரூபாய் வருமானமுள்ள, நாலு பேரைக் காப்பாற்றும் 30 வயதுக்காரர் லாரி மோதி இறந்தால், உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி இழப்பீடு எவ்வளவு வரும்? எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் கூட்டி, சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்து, 17 ஆண்டுகளால் பெருக்கினால் 32 லட்சத்துக்கு மேல். தேர்ட் பார்ட்டி இதைக் கட்டும். உயிரிழப்புக்கு உச்சவரம்பே இல்லை. ஆனால் டிரைவருக்குச் சரியான லைசென்ஸ் இல்லை, பெர்மிட் இல்லை என்றால், கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கட்டிவிட்டு லாரிக்காரரிடம் வசூலிக்கலாம் என்று நீதிமன்றங்கள் தீர்ப்பு சொல்லிவருகின்றன. அப்போது 32 லட்சத்துக்கு வீடும் வயலும் ஏலத்துக்கு வரும். 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸை வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ல் அரசியல் சாசன அமர்வு தெளிவாக்கியது, ‘சின்ன யானை’ ஓட்டுகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஊர்க்காரர்களைப் பின்னால் ஏற்றிப் போவதற்கு அந்த நிம்மதி பொருந்தாது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவருக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரரும் அவர் அனுப்பிய ஆளும் மட்டுமே இதற்கு விலக்கு. எவ்வளவு பிரீமியம் கட்டினாலும் இந்த ஓட்டை அடைபடாது.

அதேபோல் பெயர்ப் பொருத்தம். தவணை வசதிக்காக ஆர்.சி.யை மனைவி பேரில் எடுத்துவிட்டு, கணவர் ஓட்டுவது நம் பக்கம் சகஜம். பாலிசியில் உள்ள 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு ‘உரிமையாளர்-ஓட்டுநருக்கு’ மட்டும்தான். ஆர்.சி.யில் பெயரில்லாத கணவருக்கு அது சேராது. அவருக்குத் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுக்க வேண்டும். பழைய வண்டி வாங்கி, முந்தைய உரிமையாளரின் பாலிசியிலேயே ஓட்டுகிறவரும் இதே குழியில்தான் விழுகிறார். தேர்ட் பார்ட்டி தானாகவே மாறும். சொந்தச் சேதத்தைத் தன் பேருக்கு மாற்றாவிட்டால் கிளைம் நிற்காது.

‘பதினைந்து வருஷத்து டிப்பருக்கு எதற்குச் சொந்தச் சேதம்?’ என்று கேட்பார்கள். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. உலோகப் பாகத்துக்கே பாதி தேய்மானம் கழிப்பார்கள், டயருக்கும் பேட்டரிக்கும் பாதி. சின்ன ரிப்பேருக்குக் கிளைம் போட்டால் கைக்கு மிஞ்சுவது சொற்பம், கிளைம் போடாததற்கான போனஸும் போய்விடும். கையிருப்பு உள்ளவர் தேர்ட் பார்ட்டியோடு நிற்கலாம். ஆனால் அந்த வண்டியை விட்டால் வேறு பிழைப்பில்லை என்பவருக்கு, தீயும் திருட்டுமாவது இல்லாமல் ஓட்டுவது ஆபத்து. அந்த இரண்டை மட்டும் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். ‘பணமே இல்லை’ என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. சரக்கு வண்டித் தேர்ட் பார்ட்டிக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-ல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 43,950 கட்டுகிறவருக்கு மூவாயிரம் ரூபாய் மிச்சம். அதை ஐ.எம்.டி. 23-க்கும் சரியான ஐ.டி.வி.க்கும் போடுவதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

‘எவ்வளவு கட்டினாலும் கம்பெனிக்காரன் கொடுக்கப் போவதில்லை’ என்ற கசப்புதான் கடினமானது. கசப்புக்குக் காரணம் உண்டு. கிளைம்கள் இழுத்தடிக்கப்படுவது உண்மை. ஆனாலும் நிராகரிப்பே முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஷரத்து மீறல் இருந்தால்கூட முழுக்கத் தள்ளாமல், ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2010-ல் உறுதிப்படுத்தியது. அதிக பாரம் ஏற்றியதும் அந்த வகையில் வருகிறது. குவாரி லோடு அடிப்பவர்கள் இதை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும்: முழுக்கப் போகாது, ஆனால் கால் பங்கு கட்டாயம் போகும். ஆவணம் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் கிளைமை நிராகரிக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டிருக்கிறது. சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் 50 லட்ச ரூபாய் வரையிலான பிரச்சினைக்கு வக்கீல் இல்லாமல், கட்டணமில்லாமல் மனு கொடுக்கலாம். தனிநபர் தொழில்காரர்களுக்கும் அங்கே இடமுண்டு. திருநெல்வேலியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. இந்த வழிகளில் போய் நிற்க, வாங்கிய பாலிசியில் அந்தப் பாதுகாப்பு எழுத்தில் இருந்தாக வேண்டும். எடுத்துவிட்ட ஷரத்துக்காக எந்த நீதிமன்றமும் பணம் வாங்கித் தராது.

பட்டறையில் வண்டி நிற்கும் நாட்களின் வாடகையை எந்தச் சாதாரண பாலிசியும் தராது. அதற்கு இரண்டு தவணைக்கான பணத்தைத் தனியே வைத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மீதியெல்லாம் பாலிசி போடும் அன்றே முடிவாகிறது. அன்று கையில் கொடுக்கப்படும் தாள் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருப்பதுதான் பெரிய அநியாயம். ஐ.டி.வி. எவ்வளவு, எந்த ஷரத்து சேர்ந்திருக்கிறது, எது எடுக்கப்பட்டது, கிளீனர் உண்டா என்று முதல் பக்கத்தில் தமிழில் அச்சிட்டுத் தர கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த வேண்டும். லாரி உரிமையாளர் சங்கங்கள் டோல் கட்டணத்துக்கும் டீசல் விலைக்கும் காட்டும் பிடிவாதத்தை இந்த ஒரு பக்கத்துக்கும் காட்டலாம்.