டீசல் செலவு மிச்சம். பிளக்குக்கு எங்கே போவது? எல்லைப் பகுதித் தமிழர்களும் மின்சார வண்டியும்

பாலக்காடு: கோவை சென்று திரும்பும் பாலக்காட்டு மோட்டார்காரர்களுக்கு நெடுநாளாக ஒரு பழக்கம் உண்டு. வாளையாறு எல்லையைத் தாண்டுமுன் தமிழ்நாட்டுப் பங்கில் டாங்கை நிரப்பிக்கொள்வார்கள். கேரளத்தில் டீசல் விலை எப்போதும் சில ரூபாய் கூடுதல். 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரியும் சேர்ந்துகொண்ட பின் இப்பழக்கம் மேலும் வலுத்தது. குமுளிக்கும் போடிமெட்டுக்கும் இதே கதைதான்.

இப்போது எல்லைப் பங்கில் நிற்காமலே செல்லும் வண்டிகள் பெருகி வருகின்றன. கேரளத்தில் சமீப ஆண்டுகளில் புதிதாகப் பதிவாகும் வாகனங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று மின்சார வாகனம். 2022-க்குள் பத்து லட்சம் மின்வாகனங்கள் என்று 2019-ல் மாநில அரசு வகுத்த கொள்கையின் இலக்கு எட்டப்படவில்லை என்றாலும், மாற்றம் கண்கூடு. பத்து, பதினைந்து ஆண்டுகள் டீசல் ஓட்டியவர்களே மாறி வருகிறார்கள். ஆனால் இந்த மாற்றத்தின் லாபம் யாருக்குக் கிட்டுகிறது, யாருக்குக் கிட்டவில்லை என்பது எல்லைப் பகுதித் தமிழர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

லாபக் கணக்கு

முதலில் கணக்கைப் பார்ப்போம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு காரை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 16 கிலோமீட்டர், டீசல் விலை 95 ரூபாய் என்று வைத்தால் மாதச் செலவு 6,000 ரூபாயை நெருங்கும். மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஆறரை கிலோமீட்டர் ஓடும். ஆகவே மாதம் 150 யூனிட்டுக்குச் சற்று மேல் தேவை. வீட்டிலேயே சார்ஜ் ஏற்றுபவருக்கு இதனால் கூடும் மின்கட்டணம் 1,500 ரூபாய் அளவுதான். ஆயில் மாற்றும் செலவு இல்லை. கிளட்ச் தேய்மானம் இல்லை. வண்டியின் எடை அதிகமாதலால் டயர் சற்று விரைவில் தேயும், அவ்வளவே.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு முடிச்சு இருக்கிறது. கேரள மின்சார வாரியத்தின் வீட்டுக் கட்டணத்தில் மாதம் 250 யூனிட் வரைதான் படிப்படியான விகிதம். அதைத் தாண்டினால், முதல் யூனிட்டிலிருந்தே முழு உபயோகத்துக்கும் ஒரே உயர்ந்த விகிதம். மாதம் 120 யூனிட் செலவழித்துவந்த குடும்பம் கார் வாங்கியதும் 270-ஐத் தொட்டுவிடும். விளக்குக்கும் விசிறிக்கும் கொடுத்த பழைய சலுகையும் அத்துடன் போய்விடும். அப்படியும் டீசலைவிட லாபமே. எனினும் "ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது" என்று விற்பனையாளர் சொல்வதை அப்படியே நம்பினால் இரண்டு மாத பில் வரும்போது திடுக்கிட நேரும்.

வீட்டில் வசதியில்லாமல் சாலையோர வேகச் சார்ஜ் நிலையங்களையே நம்பியிருப்பவருக்கு லாபம் மேலும் சுருங்கும். அங்கே மின்சாரத்தின் விலையோடு நிலையத்தாரின் சேவைக் கட்டணமும் வரியும் சேரும். காத்திருக்கும் நேரம் வேறு. பாட்டரி 80 சதவீதம் நிரம்பியபின் ஏற்றும் வேகம் குறைந்துவிடும் என்பதால், முழுவதும் நிரப்பியே தீருவேன் என்று நிற்பவர் தமக்கும் பின்னால் நிற்பவருக்கும் நேரத்தை வீணாக்குகிறார்.

எந்த நேரத்தில் ஏற்றுவது?

டீசலுக்குக் காலை விலை, மாலை விலை என்று கிடையாது. மின்சாரத்துக்கு உண்டு. 2024 கோடையில் கேரளத்தின் மின் தேவை அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. அந்த மே முதல் வாரத்தில் பாலக்காடு மின்கடத்தல் வட்டத்தில் இரவு 7 மணி முதல் 1 மணி வரை கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெப்பத்தில் இரவு முழுதும் ஏ.சி. ஓடுகிறது, அதே நேரத்தில் கார்களும் ஸ்கூட்டர்களும் பிளக்கில் மாட்டப்படுகின்றன, டிரான்ஸ்பார்மர்கள் தாங்கவில்லை. வாகனங்களை மாலையிலும் முன்னிரவிலும் சார்ஜ் செய்ய வேண்டாம் என்று வாரியமே கேட்டுக்கொண்டது.

அதன் விளைவாகவே பகலுக்கு ஒரு விலை, இரவுக்கு ஒரு விலை என்ற முறை வந்தது. சார்ஜ் நிலையங்களில் காலை 9 முதல் மாலை 4 வரை, அதாவது சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும் நேரத்தில், விகிதம் குறைவு. மற்ற நேரத்தில் அதிகம். வீடுகளிலும் மாதம் 250 யூனிட்டைத் தாண்டுவோருக்கு மாலை 6 முதல் இரவு 10 வரை கூடுதல் கட்டணம்.

ஏற்பாடு நியாயமானதே. ஆனால் காலை 9 முதல் 4 வரை சம்பளக்காரர் எங்கே இருக்கிறார்? குமாஸ்தா ஆபீசில் இருக்கிறார். கஞ்சிக்கோட்டுத் தொழிலாளி தொழிற்சாலையில் இருக்கிறார். ரயிலேறிக் கோவைக்கு வேலைக்குப் போகிறவரின் ஸ்கூட்டர் ஸ்டேஷன் நிறுத்துமிடத்தில் நிற்கிறது. மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் ஏழு மணி நேரமும் வண்டி வெயிலில் சும்மா நிற்கிறது. விலை ஏறும் நேரத்தில்தான் வீடு வந்து சேர்கிறது. கூரையில் சூரியத் தகடு போட்டவரும் பகலில் வீட்டில் இருப்பவரும் பெறும் சலுகை மாதச் சம்பளக்காரருக்கு எட்டாக் கனி.

மலையில் வேறு கணக்கு

பாலக்காட்டுக் கணவாய் பெரும்பாலும் சமதளம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையாறு என்று எங்கு சுற்றினாலும் பாட்டரி சொன்ன தூரம் ஏறக்குறைய ஓடும். இடுக்கி அப்படியல்ல. தேனிச் சமவெளியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும்போது வண்டி ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்கிறது. ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள காரை ஆயிரம் மீட்டர் தூக்க மட்டும் ஐந்து, ஆறு யூனிட் தேவை. சமதளத்தில் 35 கிலோமீட்டர் ஓடக்கூடிய மின்சாரம் அது. முதன்முறை மலையேறுபவர் மானியில் எண் விழுவதைக் கண்டு கலங்குவது இதனால்தான்.

இறங்கும்போது அதில் ஒரு பங்கு திரும்பிவிடும். சரிவில் மோட்டாரே டைனமோவாக மாறி பாட்டரியை நிரப்பும், பிரேக்கும் சூடேறாது. ரயில்வேயில் இது பழகிய சங்கதி. புதிய வகை மின்சார எஞ்சின்கள் சரிவில் இறங்கும்போது மேலேயுள்ள கம்பிக்கே மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகின்றன. ஆனால் மலை உச்சியில் பாட்டரியை நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கினால் திரும்பும் மின்சாரத்துக்கு இடமிராது. டீசலில் இல்லாத புதுப் பாடம் இது: மேலே நிரப்பாதே, கீழே நிரப்பு.

லயத்தில் வாழ்பவர் நிலை

கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-ல் மூணாறு அருகே பள்ளிவாசலில் தொடங்கியது. 780 மெகாவாட் இடுக்கித் திட்டத்தை 1976 பிப்ரவரியில் இந்திரா காந்தி தொடங்கிவைத்தார். மின்சாரம் பிறக்கும் மலை இது. ஆனால் அதே மலையில் தேயிலைத் தோட்ட லயங்களில் வரிசை வரிசையாக ஒட்டியுள்ள வீடுகளில் வாழும் தமிழ்த் தொழிலாளிக்கு வண்டி நிறுத்தத் தனி இடமில்லை. அந்த வீடு அவருக்குச் சொந்தமுமில்லை. மகன் மின்சார ஸ்கூட்டர் வாங்கினால் வயரை எங்கிருந்து இழுப்பது? பழைய வயரிங்கில் இரவு முழுதும் பாட்டரி ஏற்றுவது ஆபத்தும்கூட.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தினமும் ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றி வரும் ஜீப்புகளின் நிலையும் இதுவே. விடியுமுன் புறப்பட்டு கல்பாதையில் ஏறும் அந்த டீசல் ஜீப்புக்கு ஈடான விலையில் மின்சார ஜீப் இன்னும் சந்தையில் இல்லை. டீசல் விலை ஏறினால் அது ஏதோ ஒரு வழியில் கூலிக்காரர் தலையில்தான் விடிகிறது.

எல்லை கடந்து வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் மின்வாகனங்களுக்குச் சாலை வரி விலக்கு உண்டு என்று கேட்டுத் தேனியிலோ கோவையிலோ வாங்கிக் கேரளத்தில் ஓட்ட நினைப்பவர்கள், மோட்டார் வாகனச் சட்டப்படி பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பதை நினைவில் கொள்வது நல்லது. அப்போது கேரள வரியும் வந்து சேரும்.

செய்ய வேண்டியது என்ன?

மின்சார வண்டி நல்ல வண்டியா என்ற கேள்வி முடிந்துவிட்டது. நல்ல வண்டிதான். பிளக் யார் கையில் இருக்கிறது என்பதே இனிக் கேள்வி. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்களில் சார்ஜ் வசதி செய்த அனுபவம் கேரள மின்வாரியத்துக்கு உண்டு. அதே வசதியைப் பகலில் வண்டிகள் நிற்கும் இடங்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ரயில் நிலைய நிறுத்துமிடங்கள், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை வளாகங்கள், எஸ்டேட் ஆபீஸ்கள், குமுளி, மூணாறு பஸ் நிலையங்கள் ஆகியவற்றில் பகல் விகிதத்தில் சாதாரண பிளக் கிடைத்தால் போதும். பெரிய செலவு பிடிக்கும் வேக நிலையம்கூட வேண்டியதில்லை. எட்டு மணி நேரம் நிற்கும் வண்டிக்கு மெதுவாக ஏறினால் என்ன?

தொழிற்சங்கங்கள் போனஸ், பஞ்சப்படி பேசும் மேசையில் இந்தக் கோரிக்கையையும் வைக்கலாம். முன்பு ஆலை வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு கேட்டு வாங்கியதைப் போன்றதுதான் இதுவும். கேட்காவிட்டால், சொந்த வீடும் போர்ட்டிகோவும் உள்ளவர் வண்டி மின்சாரத்தில் ஓடும். மற்றவர் வாளையாறு பங்கில் வரிசையில் நிற்பார்.