கருப்பைவாய்ப் பாலிப்: அச்சமும் வேண்டா, அசட்டையும் வேண்டா

கருப்பைவாயில் சதை வளர்ந்திருக்கிறது என்று கேட்டவுடன் புற்றுநோய் என அஞ்சும் பெண்கள் உண்டு. இரத்தக் கசிவைக் கூச்சத்தால் மறைப்பவரும் உண்டு. இவ்விரு நிலைகளையும் மாற்றுவது களப்பணியாளரின் கடமை. தாய்மார் கூட்டங்களில் பேசும் ஆசிரியருக்கும் அதில் பங்கு உண்டு.

பாலிப் என்பது கருப்பைவாயிலிருந்து பெரும்பாலும் காம்புடன் தொங்கும் மென்மையான சிவந்த வளர்ச்சி. நாற்பது வயதைக் கடந்து, பல குழந்தைகளைப் பெற்றவரிடம் இது மிகுதி. பலருக்கு அறிகுறியே இராது. சிலருக்கு உடலுறவுக்குப் பின்னரோ, இரு மாதவிடாய்களுக்கு இடையிலோ இரத்தம் கசியும். சிலருக்கு வெள்ளைப்படுதல் மிகும்.

2016-ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த நெறிமுறை, 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை கருப்பைவாய்ப் பரிசோதனையை விதித்தது. அப்பரிசோதனையில் பாலிப் தென்பட்டால், பணியாளர் அதைத் தாமே பிடித்திழுக்கலாகாது. டாக்டரிடம் அனுப்புதலே முறை. அதன் அடி கருப்பைக்குள்ளேயும் இருக்கக்கூடும்.

சிகிச்சை எளிது. டாக்டர் இடுக்கியால் காம்பைப் பற்றி முறுக்கி எடுப்பார்; இரத்தம் கசிந்தால் அடிப்பகுதியைச் சுடுவார். சிறிய பாலிப்புக்குப் பெரும்பாலும் மயக்கமருந்தும் தேவைப்படாது. கர்ப்பிணிக்கு மட்டும் இதை எடுப்பதா, பொறுப்பதா என்பதை டாக்டரே தீர்மானிக்க வேண்டும்.

பாலிப்பில் புற்றுநோய் மிக அரிது; ஆகவே எடுத்த சதையைச் சோதிப்பது வீண்செலவு என்பர் சிலர். இவ்வாதம் பொருந்தாது. கருப்பையிலிருந்து இறங்கிய நார்க்கட்டியும், சில வேளைகளில் புற்றுநோயும் கண்ணுக்குப் பாலிப் போலவே தோன்றும். இவற்றைப் பிரித்தறிவது நுண்நோக்கியே. ஆதலின் எடுத்த சதையை எறியாமல், ஃபார்மலினில் இட்டுச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். மாதவிடாய் நின்றபின் இரத்தம் கண்ட பெண்ணுக்குப் பாலிப்பே காரணம் என்று முடிவு கட்டாமல், கருப்பையின் உட்சவ்வையும் ஆராய்வது அவசியம்.

மறுபுறம், தீங்கற்ற பாலிப் ஒன்றுக்காகக் கருப்பையையே அகற்றுவது தகாது. தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்துமாறு 2023-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. நீதிமன்றம் வரை சென்ற இத்தீமை கிராமத்திலேயே தடுக்கப்பட வேண்டும். “சோதனை முடிவு வந்ததா?” என்று கேட்கும் துணிவை ஒவ்வொரு பெண்ணுக்கும் ஊட்டுவதே அதற்குரிய முதற்பணி.