பச்சைக் கம்பளமும் களிமண்ணும்

மேலே ஒரு பூச்சுப் பூசிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைக்கும் மனோபாவம் நம்மிடையே வளர்ந்துவிட்டது. சுவர் விரிந்தால் சுண்ணாம்பு. சாலை குழிந்தால் தார். மைதானம் சேறானால் செயற்கைப் புல்! அடியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவன், நல்ல காரியத்தைக் கெடுக்க வந்தவன் ஆகிவிடுகிறான். அந்தக் கெட்ட பெயரை நான் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறேன்.

வைகையின் வடகரையில் இருக்கிறது செல்லூர். தறிச் சத்தத்துக்கும் எவர்சில்வர் பட்டறைகளுக்கும் பெயர்போன இடம். கபடிக்கு அதைவிடப் பெயர்போன இடம். இங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டு புதிதல்ல. மதுரைப் பக்கம் புதிதாக வந்திருப்பது மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் 'டர்ஃப்' மைதானம். ஒரு காலி மனை, நாலு பக்கமும் வலை, உயரத்தில் விளக்கு, தரையில் பச்சைப் பிளாஸ்டிக். தெருவில் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே பந்தடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். விளையாடுகிறவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. விரிக்கிறவர்களோடுதான் சண்டை.

கண்மாயை ஒட்டிய தாழ்ந்த பூமியில் களிமண் இருக்கும். அதன் குணம் நம் பாட்டன்மாருக்குத் தெரியும். மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், தண்ணீரைச் சட்டென்று கீழே விடாது. நெல்லுக்கு அது வரம். பந்தாட்டத்துக்கு அதுவே சாபம். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் வீடு கட்டியவர்களைக் கேட்டால், மண் எப்படிச் சுவரையே பிளக்கும் என்று கதை கதையாகச் சொல்வார்கள். சுவரைப் பிளக்கும் மண், ஒரு பிளாஸ்டிக் விரிப்புக்கா பயப்படும்?

ஒரு காண்டிராக்டரிடம் இதைக் கேட்டேன். "விரிப்பிலேயே ஓட்டை இருக்கிறது சார், தண்ணீர் வடிந்துவிடும்" என்றார். வடிந்து எங்கே போகும் என்றேன். "கீழே" என்றார். கீழே களிமண் அல்லவா என்றேன். மனிதர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். அந்தச் சிரிப்புக்குத்தான் நாம் லட்சக்கணக்கில் பணம் கட்டுகிறோம்.

முறையாகச் செய்கிறவன் என்ன செய்வான்? மழைக்காலத்தில் களிமண்ணைத் தொடவே மாட்டான். ஈரக் களியில் லாரியும் ரோலரும் ஓடினால் தரை பிசைந்த மாவாகிவிடும். மண் காய்ந்த பிறகு, வேரும் குப்பையும் இளகிய மேல்மண்ணும் போக வெட்டி எடுப்பான். அடித்தரையையே 100 அடிக்கு 1 அடி சரிவாக அமைப்பான். மிகவும் உப்புகிற மண்ணானால் சுண்ணாம்புத் தூள் கலந்து அதன் ஆட்டத்தை அடக்குவான். வாய்க்கால் வெட்டித் துளையிட்ட குழாய்களைப் பதிப்பான். களியும் ஜல்லியும் ஒன்றோடொன்று கலந்துவிடாதபடி நடுவில் வடிகட்டும் துணி விரிப்பான். அதன்மேல் முக்கால் அடி, ஓர் அடி உயரத்துக்குக் கருங்கல் ஜல்லி. கீழே பெரியது, மேலே சிறியது. ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே ரோலரால் அழுத்துவான். ஜல்லிக்குப் பதில் மண்ணையும் தூசியையும் கொட்டி மட்டம் செய்கிறவன் தண்ணீரின் கழுத்தை நெரிக்கிறான். இவ்வளவுக்கும் பிறகுதான் பச்சை விரிப்பு வர வேண்டும்.

இதற்குச் செலவாகும்தான். அதுவும் கண்ணுக்குத் தெரியாத செலவு. திறப்பு விழாவில் ஜல்லிக்கு யாரும் மாலை போடுவதில்லை. ஆனால் இரண்டு மழைக்காலம் போகட்டும். இங்கே மேடு, அங்கே பள்ளம், ஒட்டு விட்ட இடத்தில் ஒரு வாய். அந்த வாயில் ஒரு பையனின் கால் சிக்கி மூட்டுப் பிசகினால், மிச்சம் பிடித்த ஜல்லிக் காசு அவனுக்குக் காலைத் திருப்பித் தருமா?

"நீர் முன்னேற்றத்துக்கு விரோதி" என்பார்கள். இல்லை ஐயா! 1975இல் கோலாலம்பூரில் புல்தரையில் உலகக் கோப்பை ஹாக்கியை வென்ற நாம், அடுத்த ஆண்டே மாண்ட்ரீல் ஒலிம்பிக்கின் செயற்கைத் தரையில் 7ஆம் இடத்துக்கு இறங்கினோம். காலத்தோடு போக வேண்டும் என்பதை அந்த அடி நமக்குக் கற்பித்தது. 2025இல் இளையோர் உலகக் கோப்பை ஆட்டங்கள் சென்னையோடு மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் நடந்தபோது எனக்கும் பெருமைதான். ஆனால் அத்தகைய களங்களைச் சர்வதேசச் சம்மேளனம் சோதித்துச் சான்று தருகிறது. நம் தெருக்கோடி மைதானத்தைச் சோதிப்பவர் யார்?

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் கூரை போட்ட அரங்கில் வெளிச்சம் போதாமல் புல் செத்தது. 1966இல் அங்கே விரித்த பிறகுதான் இந்தப் பிளாஸ்டிக் உலகப் புகழ் பெற்றது. மதுரையில் வெயிலுக்கா பஞ்சம்? இங்கே நடுப்பகலில் அந்த விரிப்பு 60 டிகிரிக்கு மேலும் கொதிக்கக்கூடும். அதில் தூவும் ரப்பர்த் துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இலேயே தடை விதித்து, 2031 வரைதான் தவணை கொடுத்திருக்கிறது. நம் மழையோ அந்தத் துகளைக் கண்மாய்க்கு வழியனுப்பி வைக்கும்.

தண்ணீரைப் பற்றிச் செல்லூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். 2024 அக்டோபர் 25ஆம் தேதி கொட்டிய மழையில் அவர்கள் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கண்மாய்த் தண்ணீர் வைகைக்குப் போகப் பந்தல்குடி வாய்க்கால் இருந்தும் அந்தக் கதி. ஆகையால் மைதானத்துக்கு அடியில் குழாய் பதித்தால் மட்டும் போதாது. குழாயின் வாய் எங்கே திறக்கிறது? வாய்க்காலிலா, பக்கத்து வீட்டு வாசலிலா? உலகனேரிக் கண்மாயில் உயர் நீதிமன்றக் கிளையையே கட்டி, 2004இல் திறந்த ஊர் இது. நீர் நின்ற இடத்தை மனையாகப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. அந்த இடங்களில் எவ்வளவு ஜல்லி கொட்டினாலும் அநியாயம் நியாயமாகாது.

கபடிக்காரர்கள் களம் அமைப்பதைப் பாருங்கள். மண்ணைக் கொத்துவார்கள், கல் பொறுக்குவார்கள், நீர் தெளிப்பார்கள், பிறகுதான் கோடு போடுவார்கள். விழப்போகிறவன் தங்கள் பிள்ளை என்று தெரிந்து செய்யும் வேலை அது.

உங்கள் பிள்ளைக்கு வாடகை கட்டும்போது மூன்றே கேள்வி கேளுங்கள். அடியில் எத்தனை அங்குலம் ஜல்லி? மழைத் தண்ணீர் எங்கே போகிறது? இந்த இடம் முன்பு என்னவாக இருந்தது? விழிக்கிறவரிடம் பணத்தை நீட்டாதீர்கள். நீங்கள் கேட்காதவரை அவர்கள் பச்சையைத்தான் விற்பார்கள்.