ஷார்பியும் சித்தி பையனும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் இரண்டே காரணம்தான். ஒன்று, கல்யாணப் பத்திரிகை. இன்னொன்று, கடன். போன மாதம் வந்தது என் சித்தி பையன். கையில் பத்திரிகை இல்லை.

விருதுநகர் பக்கத்தில் சவுண்ட் அண்ட் லைட் சர்வீஸ் வைத்திருக்கிறான். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், பங்குனிப் பொங்கல் என்று வருஷத்துக்கு ஒரு அறுபது ராத்திரி வேலை. மீதி நாள் வயர் சுற்றுவான்.

"அண்ணே, ஒரு கையெழுத்து வேணும்."

"எதுக்குடா?"

"ஜாமீன். மூணு லட்சம். சம்பளக்காரங்க கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்பாங்களாம்."

சமையலறையில் மிக்ஸி சட்டென்று நின்றது. ஜாமீன் என்ற வார்த்தை மட்டும் என் மனைவிக்கு எந்தச் சத்தத்திலும் கேட்கும்.

விஷயம் இதுதான். அவனிடம் எட்டு 'ஷார்பி' இருக்கிறது. அதைக் கழித்துவிட்டு எட்டு எல்.இ.டி. மூவிங் ஹெட் வாங்கப் போகிறான். மதுரையில் ஒரு கடைக்காரர், "பழசைக் குடு, புதுசை எடு, பல்பு செலவே கிடையாது, கரண்ட் பாதிதான்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். கடன் போக முன்பணத்துக்குச் சித்தியின் இரட்டை வடச் சங்கிலி அடகுக்குப் போகிறது.

சித்தப்பா போனதும் சித்தியிடம் மிச்சம் இருப்பது அந்தச் சங்கிலி ஒன்றுதான். எனக்கு இட்லி இறங்கவில்லை.

*

ஷார்பி என்றால் என்ன என்று கேட்பவர்கள் கடைசியாகப் போன கோயில் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். மேடையின் இரண்டு பக்கமும் பூதம் போல் உட்கார்ந்து, கழுத்தை அப்படியும் இப்படியும் திருப்பி, வானத்தில் வெள்ளை வெள்ளையாகத் தூண் எழுப்புமே, அந்த விளக்குதான். உண்மையில் ஷார்பி என்பது இத்தாலியின் க்ளே பாக்கி கம்பெனி 2010-ல் கொண்டுவந்த ஒரு குறிப்பிட்ட மாடலின் பெயர். நம்ம ஊரில் ஜெராக்ஸ், டால்டா மாதிரி அது பொதுப் பெயராகிவிட்டது. சித்தி பையனிடம் இருப்பது இத்தாலியும் இல்லை, க்ளே பாக்கியும் இல்லை. கப்பலில் வந்த ஏதோ ஒரு கம்பெனி. பெயர் மட்டும் ஷார்பி.

தலையாட்டும் விளக்கு அதற்கும் மூத்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் டல்லாஸ் நகரத்தில் ஷோகோ என்ற கம்பெனி, மேடைக் கச்சேரிகளுக்கு ஒலி-ஒளி அமைப்பவர்கள். நம்ம சித்தி பையன்தான், கொஞ்சம் பெரிய சைஸில். நிறம் மாறுகிற ஒரு விளக்கு செய்வதுதான் அவர்கள் திட்டம். இன்னும் இரண்டு மோட்டார் சேர்த்தால் விளக்கே நகருமே என்று யோசனை போயிற்று. அப்படிப் பிறந்த வேரி-லைட், 1981-ல் ஜெனிசிஸ் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போனது. அதுவரை ஏணியில் ஏறித் திருப்பிக்கொண்டிருந்த விளக்கு, அதன் பிறகு கீழே இருந்து பொத்தானை அமுக்கினால் திரும்பியது.

"அதெல்லாம் சரிண்ணே, கையெழுத்து?"

"இருடா. இருக்கிறதுக்கு என்ன கேடு? நல்லாத்தானே எரியுது?"

தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம்தான் பங்குனிப் பொங்கல் கதை வெளியே வந்தது.

*

பத்தாம் நாள், ஆடல் பாடல். மேடையில் சாமி ஆட்டம் உச்சத்தில் இருக்கிறது. எஃபெக்டுக்காகச் சுற்றியிருந்த ட்யூப்லைட், ஃபோகஸ் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னது நம்ம ஆள்தான். எட்டு ஷார்பி மட்டும் புகையைக் கிழித்துக்கொண்டு நிற்கிறது. ஊரே வாயைப் பிளந்து பார்க்கிறது. அந்த நேரம் பார்த்து மெயின் கரண்ட் போனது.

ஜெனரேட்டர் நான்கே செகண்டில் பிடித்துக்கொண்டது. மைக் வந்தது, ஐஸ்கிரீம் வண்டியில் பாட்டு வந்தது. ஷார்பி மட்டும் வரவில்லை. ட்யூப்லைட் சுவிட்ச் போர்டுக்குப் பொறுப்பான பையன் டீ குடிக்கப் போயிருந்தான். இருட்டில் கூட்டம் நகர்ந்து, ஒரு பாட்டி படியில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். மாவுக்கட்டுச் செலவு இவன் தலையில். பேசிய பணத்தில் பாதியை விழாக் கமிட்டி பிடித்துக்கொண்டது. "அடுத்த வருஷம் எல்.இ.டி. இருந்தா வா, இல்லேன்னா வேற ஆளைப் பார்க்கிறோம்" என்றார்களாம்.

ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் பல்பின் வயிற்றில் இருக்கிறது. ஷார்பி பல்பில் இழை கிடையாது. சின்னக் குவார்ட்ஸ் கூட்டுக்குள் இரண்டு முனைகள். நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியில் மின்சாரம் தாவித் தாவி, உள்ளே இருக்கும் பாதரச ஆவி பயங்கர அழுத்தத்தில் ஜொலிக்கிறது. சூடாக இருக்கும்போது அணைந்தால், அந்த அழுத்தத்தில் மறுபடி தாவ முடியாது. ஆறிய பிறகுதான் பற்றும். அதற்குச் சில நிமிஷம் ஆகும். கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி. அந்த நேரத்தில் பேசிப் பிரயோஜனமில்லை.

எல்.இ.டி.க்கு இந்த வீம்பு இல்லை. போட்டால் எரியும், அணைத்தால் அணையும், மறுபடி போட்டால் மறுபடி எரியும்.

"பார்த்தீங்களா? நீங்களே சொல்லிட்டீங்க" என்று பேனாவை நீட்டினான்.

*

பேனாவை வாங்கினேன். ஆனால் கணக்குப் பிரிவில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டிய கை. பேனா வந்தால் முதலில் கணக்குப் போடும்.

முதல் கணக்கு, கரண்ட். அசல் ஷார்பியில் பல்பு 189 வாட். மோட்டார், விசிறி எல்லாம் சேர்த்து 350 பக்கம். இவனிடம் இருப்பதும் அந்த ரகம்தான். கடைக்காரர் காட்டிய எல்.இ.டி. எல்லாம் சேர்த்து 300. ஒரு விளக்குக்கு 50 வாட் மிச்சம். எட்டு விளக்கு, ஐந்து மணி நேரம் என்றால் இரண்டு யூனிட். இதற்கா சங்கிலியை அடகு வைப்பது?

பெரிய மேடைக்கு இந்தக் கணக்கு வேறு. டென்மார்க்கின் மார்ட்டின் கம்பெனி மேக் 2000 என்று ஒன்று போட்டது. அதில் பல்பே 1200 வாட். செக் நாட்டின் ரோப் கம்பெனி 2019-ல் கொண்டுவந்த எஸ்ப்ரைட்டில் எல்.இ.டி. 650 வாட்தான். ஐம்பது, நூறு விளக்கு தொங்கும் மேடையில் இந்த மாதிரி வித்தியாசம் ஒரு ஜெனரேட்டரையே குறைத்துவிடும். நம்மிடம் தொங்குவது எட்டு.

இரண்டாவது கணக்கு, பல்பு. ஷார்பி பல்புக்குச் சொல்லும் ஆயுள் 2000 மணி நேரம். இவனுக்கு அறுபது ராத்திரி, ஐந்து மணி நேரம், ஆக வருஷத்துக்கு 300. ஆறு வருஷத்துக்கு மேல் வரவேண்டும். "டூப்ளிகேட் பல்பு பாதிதாண்ணே தாங்கும்" என்றான். சரி, மூன்று வருஷம். அதே விளக்கு டி.வி. ஸ்டுடியோவில் தினம் பத்து மணி நேரம், வருஷத்தில் 300 நாள் எரிந்தால் 3000 மணி. எட்டு மாசத்துக்கு ஒருமுறை பல்பு மாற்றவேண்டும். பல்லாயிரம் மணி நேரம் தாங்கும் எல்.இ.டி. ஸ்டுடியோவுக்கு லாபம், சந்தேகமே இல்லை. வருஷத்தில் முந்நூறு நாள் வயர் சுற்றுகிறவனுக்கு அந்த லாபம் வந்து சேர அவன் பையனுக்கு மீசை முளைக்க வேண்டும்.

இன்னொன்று. பல்பு போனால் பல்புதான் போகும். எல்.இ.டி. போனால் மொத்த எஞ்சினே போகும். எஸ்ப்ரைட்டில் அந்த எஞ்சினை மட்டும் கழற்றி மாற்ற வசதி வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் காட்டிய மாடலில் அது உண்டா என்றேன். "கேக்கலியே" என்றான்.

மூன்றாவதுதான் முக்கியம். தூண்.

தோட்டத்தில் ரப்பர் குழாயின் நுனியைக் கட்டை விரலால் அடைத்துப் பாருங்கள். தண்ணீர் எதிர் வீட்டுச் சுவர் வரை பாயும். அதே தண்ணீரைப் பூவாளியில் ஊற்றினால் காலடியிலேயே சொரியும். வெளிச்சமும் கிட்டத்தட்ட இப்படித்தான். பிறக்கிற இடம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நேராக அதை அனுப்பலாம். ஷார்பியில் அது ஒரு மில்லிமீட்டர் பொறி. எல்.இ.டி.யில் பல சில்லுகளை அடுக்கிய ஒரு சின்னத் தட்டு. எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் பூவாளி பூவாளிதான்.

ஷார்பியின் கற்றை 4 டிகிரிக்குள் அடங்கும். 20 மீட்டர் தள்ளிப் போனால் விழும் வட்டம் சுமார் 1.4 மீட்டர். கடைக்காரரின் நோட்டீஸில் எல்.இ.டி.க்குப் போட்டிருந்தது 8 டிகிரி. வட்டம் 2.8 மீட்டர். அகலம்தானே இரண்டு மடங்கு என்று நினைக்காதீர்கள், பரப்பு நாலு மடங்கு. ஒரே அளவு வெளிச்சம் என்றால் பளிச்சென்பது கால்வாசியாகிவிடும். வானத்தில் எழும்புவது தூணாக இருக்காது, சாம்பிராணிப் புகையாக இருக்கும். அதே க்ளே பாக்கி கம்பெனியே 2019-ல் ஷார்பி மாதிரி ஒல்லியான கற்றைக்கு வேறு வழி தேடியபோது, எக்ஸ்டைலாஸ் என்ற விளக்கில் எல்.இ.டி.யை விட்டுவிட்டு லேசரைத்தான் வைத்தார்கள்.

"அப்போ எல்.இ.டி. மோசமாண்ணே?"

மோசமில்லை. ஜப்பானில் ஷூஜி நகமுரா 1993-ல் பளிச்சென்ற நீல எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். அதன் மேல் மஞ்சள் பூச்சு பூசியதும் வெள்ளை வெளிச்சம் வந்தது. 2014-ல் அகஸாகி, அமனோ, நகமுரா மூன்று பேருக்கும் நோபல் பரிசு. வேண்டிய அளவுக்கு மங்கலாக்கலாம். ஷார்பியில் பல்பை முழுசாக மங்கலாக்க முடியாது, முன்னால் தகடு வந்து மறைக்கும். கல்யாண மேடைக்கு, நாடகத்துக்கு, அகலமாக நிறம் அடிப்பதற்கு எல்.இ.டி.தான் ராஜா. பாதரசம் கிடையாது. ஃப்யூஸான ஷார்பி பல்பைக் குப்பையில் போடுகிற வழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரே எச்சரிக்கை, மலிவு எல்.இ.டி. கண்ணுக்குத் தெரியாமல் படபடவென்று அணைந்து அணைந்து எரியும். வீடியோவில் கோடு கோடாக ஓடும். வீடியோக்காரர் உங்களைத் திட்டுவார், மாப்பிள்ளை வீட்டார் வீடியோக்காரரைத் திட்டுவார்கள்.

*

கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். "எல்.இ.டி. மூவிங் ஹெட்டுக்கும் கரண்ட் போய் வந்தா என்ன ஆகும்?"

யோசித்தான். முகம் மாறியது. "ரீசெட் ஆகும்ணே. தலையை ஒரு சுத்துச் சுத்தி, கலர் வீலெல்லாம் சரி பார்த்துட்டு... ஒரு நிமிஷம் கிட்ட ஆகும்."

"அந்த ஒரு நிமிஷம் பாட்டிக்குப் போதுமா, போதாதா?"

பதில் இல்லை.

அவனைக் கவிழ்த்தது பல்பு இல்லை. அந்த நாலு செகண்டு. அதை அடைக்க மூன்று லட்சம் வேண்டாம். எட்டு ஷார்பிக்கும் சேர்த்து 2800 ஆகிறது. கொஞ்சம் தாராளமாக ஒரு 5 கே.வி.ஏ. யு.பி.எஸ்., ஜெனரேட்டர் பிடிக்கும் வரை தாங்கினால் போதும். மேடை முகப்புக்கு நாலு சாதா எல்.இ.டி. பார் லைட், தலையாட்டாத ரகம். கரண்ட் வந்த மறு நொடி எரியும். எல்லாம் சேர்த்து லட்சத்துக்குள். அப்புறம், படிக்கட்டுப் பக்கம் என்ன எஃபெக்ட் ஆனாலும் அணைக்கக் கூடாத ஒரு ட்யூப்லைட், யு.பி.எஸ்.ஸோடு சேர்த்து.

"ட்யூப்லைட்டா? எஃபெக்ட் போயிருமேண்ணே."

"பாட்டியோட இன்னொரு கை போறதுக்கு எஃபெக்ட் போகட்டும்."

கையெழுத்துப் போட்டேன், ஒரு லட்சத்துக்கு மட்டும். சங்கிலி சித்தி கழுத்திலேயே இருக்கிறது. விழாக் கமிட்டியிடம் என்ன சொல்வான் என்று கவலைப்பட்டேன். பார் லைட்டைக் காட்டி, "எல்.இ.டி. வந்தாச்சுங்க" என்று சொல்லி அட்வான்ஸ் வாங்கிவிட்டான். பொய்யில்லையே!

அவன் கிளம்பிப் போன பிறகு மனைவி தட்டை எடுக்க வந்தாள். கையெழுத்துக்காக ஒரு பாட்டுக் கிடைக்கும் என்று தயாராக இருந்தேன்.

"எல்லாம் சரியாத்தான் சொன்னீங்க" என்றாள். "ட்யூப்லைட்டைப் பத்தி உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?"

ஒரு நிமிஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.