கொடுத்த வாக்கும் குறைத்த சட்டமும்

வாகன விபத்தில் காயப்பட்டவர் நட்டஈடு பெறுவதானால், பிழை யாருடையது என்பது முதலில் நிரூபிக்கப்பட வேண்டும். நாமறிந்த வழக்கம் இதுதான். வழக்கு இழுபடும் காலத்தில் மருந்துச் செலவை யார் பார்ப்பது என்பதற்கு அதில் விடையில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1973இல் வேறு வழியிற் சென்றது. பிழை எவருடையதாயினும் காயப்பட்டவரின் வைத்தியச் செலவைக் காப்புறுதி நிறுவனமே ஏற்க வேண்டும். அதுவும் தொகைக்கு எல்லையின்றி, ஆயுள் முழுவதும். வாகனம் வைத்திருப்போர் யாவரும் இக்காப்புறுதியை எடுப்பது கட்டாயமாக்கப்பட்டது. முள்ளந்தண்டு முறிந்தோரும் மூளையில் அடிபட்டோரும் தாதிமாரின் உதவியோடு தம் சொந்த வீட்டிலேயே வாழ இச்சட்டம் வழிசெய்தது.

இதற்கு விலையும் இருந்தது. காப்புறுதிக் கட்டணம் அந்நாட்டிலேயே மிகக் கூடியதாயிற்று. டெற்றொயிற் நகரத்து ஏழைகள் பலர் காப்புறுதியின்றியே வாகனம் ஓட்டினார்கள். எனவே கட்டணத்தைக் குறைக்கக் கேட்டது நியாயமே. குறைத்த விதத்தைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2019 மே மாதத்தில் ஆளுநர் கிரெற்சன் விற்மர் கையொப்பமிட்ட புதிய சட்டத்தின்படி, 2020 யூலை முதல் மக்கள் தமக்கு வேண்டிய எல்லையைத் தெரிவு செய்யலாம்: எல்லையற்றது, 5 இலட்சம் டொலர், இரண்டரை இலட்சம் டொலர். வறியோருக்கான அரச வைத்திய உதவி பெறுவோர் 50,000 டொலருடனும் நிறுத்திக்கொள்ளலாம். தெரிவுச் சுதந்திரம் என்று இதற்குப் பெயர். ஆனால் தெரிவு செய்பவர் நல்ல தேகசுகத்துடன், மாதக் கட்டணத்தை மட்டும் எண்ணிப் பார்ப்பவர். படுக்கையில் விழுந்தபின் மறுபடி தெரிவு செய்ய எவரும் அவரைக் கேட்கப் போவதில்லை. மிகக் குறைந்த காப்பு மிக வறியவருக்கே திறந்துவிடப்பட்டதையும் கவனியுங்கள்.

இதைவிடக் கொடியது 2021 யூலையில் நடைமுறைக்கு வந்தது. முதியோருக்கான அரச வைத்தியத் திட்டத்தில் விலை குறிக்கப்படாத சேவைகளுக்கு, 2019 சனவரியில் அறவிட்ட தொகையில் நூற்றுக்கு 55 வீதமே கொடுபடும் என்றார்கள். வீட்டுப் பராமரிப்பு பெரும்பாலும் இதற்குள் அகப்பட்டது. பாதிக் கூலிக்கு யார் வருவார்? பராமரிப்பு நிறுவனங்கள் பல மூடப்பட்டன. மகனைப் பார்க்கும் தாய்க்கும் வாரத்திற்கு 56 மணித்தியாலத்துக்கு மேல் கொடுக்க நிறுவனங்கள் கடமைப்பட்டவையல்ல. நாளுக்கு எட்டு மணி! மிகுதிப் பதினாறு மணிக்கும் அவன் தானே புரண்டு படுப்பானா?

இந்த வெட்டு, பழைய சட்டத்தின்கீழ் முழுக் கட்டணமும் கட்டி, அதன்கீழேயே காயப்பட்டவர்கள் மீதும் விழுந்தது. அதேவேளை, பாரிய காயங்களுக்கான பொதுநிதியில் பணம் மிஞ்சியிருக்கிறதென்று 2022இல் வாகனமொன்றுக்கு 400 டொலர் வீதம் திருப்பிக் கொடுத்தார்கள். நட்டஈட்டுக்காகக் கச்சேரி வாசலில் நின்று பழகிய எம் வாசகருக்கு இக்கணக்கை விளக்கத் தேவையில்லை.

2023 யூலை 31இல் மிச்சிகன் உயர் நீதிமன்றம், 2019 யூன் 11க்கு முன் காயப்பட்டோரின் உரிமையைப் புதிய சட்டம் பறிக்க முடியாது எனத் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்குப் பின் காயப்பட்டோரை அது எட்டவில்லை. ஒரே வீதியில், ஒரே காயத்தோடு இருவர். திகதி மட்டும் வேறு. அவர்களுக்கு அந்தக் கட்டண வெட்டையும் 56 மணித்தியாலத்தையும் நீக்கிக் கொடுக்க வேண்டியது சட்டசபையே. மிஞ்சும் பணத்தை வாகனங்களுக்குப் பங்கிடுவது அதன் பிறகு இருக்கட்டும்.