காட்டுமலர் எனும் பெயரில் மெக்சிகோ

புணேயில் கசார்வாடி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் வீட்டுத்தோட்டம் என்பது பால்கனியில் வைத்த ஐந்தாறு தொட்டிகளே. அத்தொட்டிகளுக்குள் இன்று ‘காட்டுமலர்’ என்னும் பெயர் தாங்கிய விதைக்கலவைகள் வந்து சேர்கின்றன. பையைப் பிரித்தால் பெரும்பாலும் இருப்பவை காஸ்மோஸ், ஜின்னியா, செண்டுமல்லி. மூன்றுக்கும் தாயகம் மெக்சிகோவும் அதைச் சூழ்ந்த நாடுகளும். இதை வெறும் பெயர்ப்பிழை என்று தள்ளிவிட இயலாது. மஞ்சள் காஸ்மோஸ் தோட்டங்களைத் தாண்டிப் புணேயின் குன்றுகளில் மண்டிக் கிடக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. தசராத் தோரணத்தில் நிலைபெற்றுவிட்ட செண்டுமல்லியை அயலானது என்பது முறையா? அதைப் பிடுங்குமாறு யாரும் கோரவில்லை. ஆனால் ஒரு பூ பண்பாட்டில் வேரூன்றுவது வேறு. இந்நிலத்துப் பூச்சிகளோடு சேர்ந்து பரிணமிப்பது வேறு. காஸ்மோஸிலும் பட்டாம்பூச்சி தேன் அருந்தும். எனினும் வெந்தய வரியனின் புழு அதன் இலையைத் தின்று வளராது. அதற்கு எருக்கும் அதன் இனச் செடிகளுமே வேண்டும். தேன் மட்டும் தரும் தோட்டம் அடுத்த தலைமுறைப் பட்டாம்பூச்சியை வளர்ப்பதில்லை.

தசராவுக்கு முன்பே வரும் கௌரி பூஜையில் மராட்டிய வீடுகள் போற்றும் ‘தேரடா’வோ இம்மண்ணின் செடி, தமிழர் அதைக் காசித்தும்பை என்பர். மழைக்காலத்தில் மலைச்சரிவுகளில் தானே முளைக்கும். ரம்பப்பல் விளிம்புள்ள ஒடுங்கிய இலை, பூவின் பின்னே வால்போல் வளைந்த தேன்குழல், முற்றியபின் தொட்டால் வெடித்து விதை சிதறும் காய் ஆகியன அதன் அடையாளங்கள். ஜூன் மாத முதல் மழையில் விதை தூவினால் போதும். நர்சரிகளில் விற்கும் அடுக்குப்பூ வகையை விடுத்து, ஒற்றையடுக்குக் காட்டுவகையையே நாட வேண்டும். காட்டிலிருந்து செடியைப் பெயர்ப்பதோ மற்றொரு கொள்ளை. சாலையோரத்துக் காய்கள் சிலவே ஒரு பால்கனிக்குப் போதுமானவை.

அறிவுக்கும் இங்குப் பஞ்சமில்லை. புணே அறிவியல் கல்லூரியின் முதல்வராயிருந்த தியோடர் குக், பம்பாய் மாகாணத்தின் தாவரங்களை 1901 முதல் 1908 வரை நூலாக வெளியிட்டார். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் மேற்கு மண்டல மையமும் இந்நகரில்தான் உள்ளது. ஆயினும் அவ்வறிவு உலர்தாவரக் கோப்புகளைவிட்டு வெளியேறித் தொட்டிவரை வரவில்லை. ஆய்வேட்டில் சிற்றினப் பெயரின் ஓரெழுத்து பிழைத்தால் மாணவரைத் திருத்தும் துறைகள், கல்லூரி வாயிலிலேயே விற்கும் விதைப்பையின் பொய்ப்பெயரைக் கண்டும் மௌனம் காப்பது ஏன்? ஒவ்வொரு பையிலும் அறிவியற் பெயரும் தாயகமும் அச்சிடப்பட வேண்டுமென முதலில் குரலெழுப்ப வேண்டியவர்கள் அவர்களே.