கடலில் கரையாத கப்பல் புகை

கடலில் பெருங்காயத்தைக் கரைத்தாற்போல என்பது பழமொழி. கப்பல் கக்கும் புகையும் அப்படியே காற்றில் கரைந்து காணாமற் போகிறது என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் ஐரோப்பியச் செயற்கைக் கோள் ஒன்று வேறு கதை சொல்லிற்று. இலங்கையின் தென்முனையிலிருந்து சுமத்திராவரை, கோடு கிழித்தாற்போல ஒரு தடம் இந்துமகா சமுத்திரத்தின்மேல் கிடந்தது. கப்பல்கள் செல்லும் பாதை அது! தடமோ நைட்ரஜன் டையாக்ஸைடு வாயு. ஜெர்மன் விஞ்ஞானிகள் இதை 2004-ல் வெளியிட்டார்கள்.

இந்த வாயு எப்படிப் பிறக்கிறது? காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதுவான வாயு. ஆனால் கப்பல் இஞ்சினின் கொடுஞ்சூட்டில் அது பிராணவாயுவோடு கூடி நச்சாகிறது. வெயிலில் அது ஓசோனை உண்டாக்குகிறது. பிறகு ஓரிரு நாளைக்குள் நைட்ரிக் அமிலமாக மாறுகிறது.

அலைகள் சிதறும்போது நுண்ணிய உப்புத் துகள்கள் காற்றில் ஏறுகின்றன. அமிலம் அவற்றைப் பற்றிக்கொண்டு சோடியம் நைட்ரேட்டாகிறது. சிலி நாட்டில் வெட்டியெடுத்து உலகெங்கும் வயலுக்கு உரமிட்டார்களே, அதே பொருள்! கனத்த துகளானதால் அது விரைவில் கடலில் விழுகிறது.

இத்துடன் கணக்குத் தீர்ந்தது என்று வெகுகாலம் நம்பினார்கள். தீரவில்லை. துகளிலுள்ள நைட்ரேட்டின்மேல் வெயில் பட்டதும், ஒரு பகுதி மீண்டும் நச்சு வாயுவாகக் காற்றுக்கே திரும்புகிறது. வட அட்லாண்டிக் கடல்மேல் விமானத்தில் பறந்து அளந்தவர்கள் 2016-ல் இதை அறிவித்தார்கள்.

உரம் விழுந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். அளவோடு இருந்தால் சரி. மிஞ்சினால் பாசி பெருகும். அது மடிந்து அழுகும்போது ஆழத்து நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். அந்தக் கப்பல் பாதை வங்காள விரிகுடாவின் வாசலில் அல்லவா இருக்கிறது? விரிகுடாவின் நடு ஆழத்திலோ ஏற்கெனவே பிராணவாயு மிகக் குறைவு.

பரிகாரம் இல்லாமலில்லை. வட அமெரிக்கக் கரையோரத்தில் 2016 முதலும், பால்டிக் கடல், வட கடல் ஆகியவற்றில் 2021 முதலும், புதிதாகக் கட்டப்படும் கப்பல்கள் இந்த நச்சை ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைத்தாக வேண்டுமென்பது சர்வதேச விதி. புகைபோக்கியிலேயே அதை அடக்கும் கருவிகளும் உண்டு. இந்துமகா சமுத்திரத்திற்கு அந்தப் பாதுகாப்பு இன்னும் வகுக்கப்படவில்லை. அதைக் கேட்டுப் பெற வேண்டியவர்கள், இந்தக் கடலின் மீனை நம்பிப் பிழைக்கும் நாட்டினரே.